ஜோனி போன ஓட்டை

துருப்பிடித்த கிரில் கம்பியில் மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தால் ஒரு வாசனை வரும். சில்லறைக் காசை வியர்த்த உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்த வாசனை. கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டில் என்னுடைய ஒன்பதாவது வயது முழுவதும் அந்த வாசனைதான். அப்பா பந்திங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். இருட்டும் நேரத்தில்தான் வருவார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட். பள்ளி விட்டு வந்த எனக்குச் சோறு போட்டுவிட்டு, என்னை உள்ளே விட்டு வாசல் கிரிலை வெளியே பூட்டி, மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவரை நாங்கள் "மக்சிக்" என்போம். நான்கு மணி இடைவேளையில் அம்மா போன் செய்து கேட்பது இரண்டே கேள்வி: "கிரில் பூட்டித்தானே இருக்கு? ஜோனி உள்ளதானே இருக்கான்?"

முதல் கேள்விக்கு "ஆமா" என்பேன், அது உண்மை. இரண்டாவதற்கும் "ஆமா" என்பேன், அது பெரும்பாலும் பொய்.

ஜோனி எங்கள் நாய். கேட்டுக்கும் கிரிலுக்கும் நடுவே இருந்த முற்றம் அவனுக்கென்று விட்டது. அதில் அவன் தங்கினால்தானே! அப்பா கேட்டின் அடியில் தகரம் அடித்தார், மதில் மேல் கோழி வலை கட்டினார், சங்கிலி போட்டுப் பார்த்தார். பகலெல்லாம் அவன் ஊளையிட்டதில் எதிர்வீட்டுச் சீன அங்கிள் வந்து சண்டை பிடித்ததுதான் மிச்சம். "நாய் வால நிமித்த முடியுமாடா சாமி" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். எப்படிப் போகிறான் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. எனக்குத் தெரியும். பக்கச் சுவரோரம் ஓடும் சின்னச் சாக்கடை, தெருவின் பெரிய வடிகாலான "லொங்காங்"கில் போய் விழும் இடத்தில் சுவருக்கு அடியில் ஓர் ஓட்டை. வயிற்றை எக்கி அதில் ஊர்ந்து போவான். கழுத்துப்பட்டையும் லைசென்ஸ் தகடும் கழன்று தண்ணீரோடு போய்விடும். சன்னல் வழியே தினமும் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவராவது வெளியே போகட்டுமே என்றிருந்தது. ஐந்து மணிக்குத் திரும்பி வந்து ஈர மூக்கைக் கம்பிக்குள் நீட்டுவான். அவன் மேல் புல்லும் பொரித்த மீனும் மணக்கும். எனக்கு அதுதான் வெளியூர்ச் செய்தி.

ஒரு நாள் தகடு இல்லாத நாய்களைப் பிடித்துப் போய்க் கொல்கிற நகராட்சி லோரி தெருமுனையில் வந்து நின்றது. ஜோனி வெளியே, கழுத்தில் தகடு இல்லை. கம்பிச் சுருக்கோடு இரண்டு பேர் இறங்கினார்கள். நான் பூட்டை இழுத்தேன், கிரிலை உதைத்தேன், "மக்சிக்! ஜோனி! லோரி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஈர நாய் பட்ட இடத்தை மண் கரைத்த நீரால் ஒரு முறை, வெறும் நீரால் ஆறு முறை கழுவ வேண்டும் என்பது மக்சிக்கின் மார்க்கம். அந்த மனுஷி, எங்கள் சாவியைத் தேட நேரமில்லாமல், தன் வீட்டுக் கேட்டையே அகலத் திறந்தார். துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு அவர் அதட்டிய அதட்டலில், சாக்கடை நீர் சொட்டச் சொட்ட ஜோனி உள்ளே ஓடி மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். "நாயா? என் வீட்டிலயா?" என்று அவர் மலாயில் லோரிக்காரர்களைக் கேட்டது என் காதில் விழுந்தது. அவர்களும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அம்மா மக்சிக் வீட்டுத் தரை கழுவ ஒரு வாளி மண் கொண்டுபோனார். சும்மா மண் இல்லை. சுத்தத்துக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று பசுஞ்சாணம் கலந்த மண்! மக்சிக் மோந்து பார்த்து, "அலாமா! இனி இதையும்ல கழுவணும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா வாளியோடு ஓடி வந்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஓட்டையைக் காட்டிக்கொடுத்தேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல பாப்பா?" என்றார், இரும்புச் சல்லடை வைத்துச் சிமெண்டு பூசிக்கொண்டே. அதன் பிறகு ஜோனி ஒரு நாளும் வெளியே போகவில்லை. அந்தச் சல்லடையில் மூக்கை வைத்துப் படுத்தே கிடப்பான். கூப்பிட்டால் வாலை ஒருமுறை ஆட்டுவான், கிரில் பக்கம் வரமாட்டான். அவன் உயிரைக் காப்பாற்றினேன், சரி. எனக்கிருந்த ஒரே கூட்டாளி போய்விட்டான்.

இப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் பதினேழாவது மாடியில் தனியாக இருக்கிறேன். இங்கே நாய் வளர்க்கத் தடை. மக்சிக் மகனோடு செலாயாங் போய்விட்டார். லொங்காங்கை மூடி நடைபாதை போட்டாயிற்று. அப்பாவும் இல்லை. கிள்ளான் வீட்டில் அம்மா மட்டும், திருடனுக்குப் பயந்து நான் போட்டுக்கொடுத்த புது கிரிலுக்குள். தினமும் நான்கு மணி இடைவேளையில் போன் செய்கிறேன். "கிரில் பூட்டித்தானேம்மா இருக்கு?"

"பூட்டித்தான் இருக்கு லா," என்கிறார் அம்மா. "உள்ளதான் இருக்கேன்."