அளவு தெரியாத சாமிக்கு ஒரு மாலை

இடது கை விரலில் வாழைநார் சுற்றியிருந்தது. வலது கை மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து வைத்தது. ஒரு முடிச்சு, ஒரு இழுப்பு. ரயில் வளைவில் சாய்ந்தால் கைகள் நின்றன, நிமிர்ந்ததும் தொடர்ந்தன. மடியில் ஈரத்துணி, காலடியில் ஐஸ் பெட்டி, அது நிறையக் கேமரன் மலைச் சாமந்தி. ஏர்கோன் குளிரில் மற்ற பெண்கள் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, இந்தக் கைகளின் சொந்தக்காரர் மட்டும், "பூவுக்கு ஏத்த குளிரு" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

அவர் தாமரை. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கிறார். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரிலிருந்து அதே கடைக்குக் கல்லாவில் உட்கார வந்தவர். மாலை கட்ட யாரும் சொல்லித் தரவில்லை. விற்காத மாலைகளைக் கடை மூடும் நேரத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், திரும்பக் கட்டினார், கோணலாக வந்ததை மறுபடி பிரித்தார். இன்று கடை அவருடையது. மாலை வேண்டும் என்று யார் வந்தாலும், போட்டுக்கொள்ளப்போவது யார் என்றுதான் முதலில் கேட்பார். மாப்பிள்ளையின் தோளை அளக்காமல் கல்யாண மாலை கட்டமாட்டார். புதுக் காருக்கு மாலை கேட்ட ஒருவரை வீட்டுக்குத் திருப்பியனுப்பி, காரைக் கொண்டுவந்து காட்டச் சொன்னவர்.

இப்போது ரயிலில் இருப்பதும் அதனால்தான். சுங்கை வே அம்மன் கோயில் மாதர் குழுவின் தலைவி வள்ளியம்மா. கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் பழங்கோயில் இடிபாடுகளைப் பார்க்க அவர் தன் குழுவுக்கு ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்துவிட்டு, நேரே பூக்கடைக்கு வந்தார்.

"ஆயிரம் வருஷத்துக் கோயிலு. வெறுங்கையோடயா போறது? சாமிக்குப் பெரிய மாலையா ஒண்ணு கட்டிக் குடு."

"சாமி என்ன ஒசரம் அக்கா?"

"ஆயிரம் வருஷத்து சாமி, சின்னதாவா இருக்கும்?"

"பாக்காம கட்டமாட்டேன்."

"அப்ப நீயும் வா. இது நல்லா அமைஞ்சா ஆடித் திருவிழா மாலை முழுக்க உனக்குத்தான். இல்லன்னா கிள்ளான் கடைக்காரன் தெனமும் போன் பண்றான்."

ஆடித் திருவிழா கிடைத்தால் கடைக்கு அந்த வருடக் கவலை பாதி தீரும். ஆகவே தாமரை புறப்பட்டார். சரங்களை வழியிலேயே கட்டி வைத்துக்கொள்வது, சாமியை நேரில் பார்த்த பிறகு அளவுக்கு நறுக்கி மாலையாக்குவது என்று திட்டம்.

ஈப்போ ஸ்டேஷன் தாண்டியதும் சுற்றுலா வழிகாட்டி ஜுஹைர் ரயில் பெட்டிக்குள் வந்தான். கிள்ளான்காரன், பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்க்கும் வாய் ஓயாத இளைஞன்.

"என்னக்கா இவ்வளவு பூ? யாருக்குக் கல்யாணம்?"

"அங்க இருக்கிற சாமிக்கு."

அவன் ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்தான். "அங்க சாமி கிடையாதே அக்கா. கல் மேடையும் படிக்கட்டும்தான். வாட்ஸ்அப்ல படம் அனுப்பினேனே லா."

"பாத்தோம்" என்றார் வள்ளியம்மா. "படத்துல சாமியக் காணோம். சரி, அபிஷேக நேரம், திரை போட்டிருக்காங்கன்னு நெனச்சோம்."

சுங்கைப்பட்டாணியில் இறங்கி, பஸ் ஏறி, மலையடிவாரத்துக்குப் போனார்கள். படிக்கு முன்னாலேயே குழு மொத்தமும் செருப்பைக் கழற்றியது. "போட்டுக்கலாம் அக்கா, கல்லு சுடும்" என்று ஜுஹைர் கெஞ்சினான். ஒருவரும் கேட்கவில்லை. ஓடைச் சத்தம், சுற்றிலும் காடு, நடுவில் வெயிலில் காய்ந்த கல் தளம். அதன்மேல் நின்று, எங்கிருந்து வணிகர்கள் கப்பலில் வந்தார்கள் என்று அவன் விளக்கிய வரலாற்றை, குழு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக் கேட்டது.

வள்ளியம்மா மேடையை நோக்கிப் பூவோடு நகர்ந்ததும் காவலர் வந்து, கல்மேல் எதையும் வைக்கக் கூடாது என்று மலாயில் பணிவாகச் சொன்னார்.

"சாமிக்கு மாலை போடப்போறேன்னு கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று வள்ளியம்மா முகம் கறுக்கச் சொன்னார். "சரி, நம்ம ஜுஹைருக்கே போடு. நல்லா கூட்டிட்டு வந்தான்."

தாமரையின் கண் அதற்குள் அவன் தோளை அளந்துவிட்டது. ஜுஹைர் இரண்டடி பின்னால் போனான்.

"வேணாம் அக்கா! மாலையோட வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி நூருன்னிசா என்னைய உள்ளயே விடமாட்டா. ரெண்டாவது கல்யாணம்னு நெனச்சுருவா லா!"

திரும்பும் வழியில் பஸ்ஸில் தாமரை பூவுக்கு மறுபடி நீர் தெளித்தார். திருவிழா மாலை கிள்ளான் கடைக்குப் போய்விட்டது என்றே தாமரை நினைத்தார். ஸ்டேஷனை நெருங்கும்போது, தான் வழக்கமாக இளநீர் குடிக்கும் கடை ஜுஹைருக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, அங்க மரத்தடியில ஒரு பிள்ளையார் இருக்காரு. ஆனா சின்னவரு."

இறங்கிப் போய்ப் பார்த்தால், உண்மையிலேயே சின்னவர். ஒரு முழ உயரம்கூட இல்லை. தாமரை குனிந்து சாண் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுச் சரத்தை மட்டும் எடுத்தார்.

"ஏய், என்னது அது? ஒரு பெட்டிப் பூ இருக்கு! பெருசாக் கட்டி ரெண்டு சுத்துப் போடு" என்றார் வள்ளியம்மா.

"அவருக்கு இதுதான் அக்கா அளவு."

"திருவிழா வேணுமா வேணாமா?"

"வேணும். ஆனா இதுதான் அளவு."

வள்ளியம்மா மிக நீளமான சரத்தைப் பிடுங்கித் தானே பிள்ளையாருக்கு இரண்டு சுற்றுப் போட்டார். பிள்ளையார் மறைந்தார். தும்பிக்கை நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன அக்கா, சளி பிடிச்சவருக்கு மப்ளர் சுத்துன மாதிரி இருக்கு" என்றார் குழுவில் இருந்த ரமணி.

முதலில் சிரித்தது வள்ளியம்மாதான். சிரித்துக்கொண்டே சரத்தைக் கழற்றினார். அதைத் துண்டு துண்டாக்கிப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்.

"சரி, ஒன் இஷ்டப்படி கட்டித் தொலை. திருவிழாவுக்கும் நீயே வந்து எங்க உயிர எடு. ரயிலு வந்துரும், சீக்கிரம்!"

தாமரை சீக்கிரம் கட்டவில்லை. ஜுஹைர் கடிகாரத்தைப் பார்த்தான். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். ரமணி இரண்டாவது இளநீரையும் குடித்து முடித்தார். தாமரை மல்லிகைக்கு நடுவில் மஞ்சள் சாமந்தி வைத்து, ஓரத்தில் இளநீர்க் கடைக்காரர் பறித்துத் தந்த அறுகம்புல்லைச் சேர்த்தார். ஒரு முடிச்சு கோணலாக இருந்தது. பிரித்துத் திரும்பப் போட்டார். நாரின் நுனியைக் கிள்ளி, நீர் தெளித்து, இரண்டு கையாலும் வள்ளியம்மாவிடம் நீட்டினார்.