சுக்கினியில் ஏறிய கசப்பு

வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். பாகற்காய்க் கசப்பு எனக்குப் பிடிக்கும். இது வேறு மாதிரி. நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்க விழுங்க மறுபடியும் ஊறியது. மாத்திரையைச் சோப்பு நுரையோடு மென்றது போல இருந்தது. குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே, "கூட்டைத் தொடாதீங்க, கசக்குது!" என்று கத்தினேன்.

திரும்பி வந்தால், என் கணவர் இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அது வந்ததிலிருந்து, கசப்பதெல்லாம் மருந்து என்று முடிவு கட்டிவிட்டார். காலையில் அவரோடு நடக்கப் போகிறவர்கள் சொல்லும் எந்தக் கஷாயத்தையும் விடமாட்டார்.

"கசந்தா என்னாம்மா? சுகருக்கு இதான் வேணும்."

"பாகற்காய் கசக்கலாம். சுக்கினி கசக்கக் கூடாதுங்க. தட்டை வைங்க."

"ஸ்கூல் பாடத்தை ஸ்கூல்லயே வெச்சிக்கோபா," என்று சொல்லிவிட்டு வழித்துச் சாப்பிட்டார்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுப்பவள். சுக்கினி என்பது வெள்ளரிக்காய் போல நீளமாக இருக்கும் ஒரு வகைப் பரங்கி. அன்றைய காய் அடுத்த வீட்டு அக்கா கொடுத்தது. அவர் வீட்டுக்காரர் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் பாய். அக்காவோ மொட்டைமாடியில் பைகளில் மண் நிரப்பிக் காய்கறி வளர்ப்பவர்.

மாலைக்குள் கணவர் குளியலறையை விட்டு வெளியே வர முடியவில்லை. மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. பச்சையாக, நுரையாக. தரை, வாளி, அவருடைய வேட்டி எல்லாம் அதுதான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கழுவினேன். பரிதாபம் வந்திருக்க வேண்டும். குமட்டல்தான் வந்தது. நாற்றத்தால் மட்டும் அல்ல.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிய டாக்டர் இளம்பெண். "கசந்துச்சா சார்? அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா அழுதுகொண்டே வந்து நின்றார். "போன வருசம் தேனாட்டம் இருந்துச்சு டீச்சர். அதுலேர்ந்து எடுத்த வெதைதான் இது, சத்தியமா."

"அப்போ பக்கத்துல வேற ஏதாச்சும் கொடி இருந்துச்சாக்கா?"

யோசித்துவிட்டு, போன வருடம் எடுத்த ஒரு படத்தைப் போனில் காட்டினார். சுக்கினிக்கு அருகே, கைப்பிடி அளவில், மேலெல்லாம் பருக்கள் வைத்த மஞ்சள் காய்கள் தொங்கும் ஒரு கொடி. பெங்களூரிலிருந்து அவர் மகன் அழகுக்காகச் சின்னப் பரங்கிகள் வாங்கி வந்து கூடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தானாம். அவை அழுகிக் கூழாகி, புழு நெளிய ஆரம்பித்ததும் உரத்தொட்டியில் கொட்டினாராம். அதிலிருந்து முளைத்த கொடி. "பூ அழகா இருந்துச்சு, உட்டுட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. காட்டுப் பரங்கிகள் எல்லாமே கசப்பானவை. தின்ன வரும் வாயை விரட்ட அவை வைத்திருக்கும் விஷம் அது. கசப்பு குறைந்த செடியின் விதையையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்துத்தான் மனிதர்கள் பரங்கியைச் சமையலுக்குக் கொண்டுவந்தார்கள். அழகுக்காக வளர்ப்பதை யாரும் ருசி பார்ப்பதில்லை. அதனால் பல அழகுப் பரங்கிகளில் பழைய விஷம் அப்படியே இருக்கிறது. நம் ஊர்ப் பரங்கிக்கொடி பக்கத்தில் இருந்திருந்தால் பயமில்லை, அது வேறு இனம். இந்த அழகுப் பரங்கியும் சுக்கினியும் ஒரே இனம். ஒரு தேனீ போதும். அந்த வருடக் காய் இனிப்பாகவே இருக்கும், கலப்பு விதைக்குள் உட்கார்ந்திருக்கும். மறு வருடம், பார்க்க அதே சுக்கினி, உள்ளே காடு.

இதைக் கணவரிடமும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புரிந்துகொண்டார் என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள், கட்டிலில் படுத்தபடி நடைக் கூட்டாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒரிஜினல் காட்டு ரகம்பா. பவரு ஜாஸ்தி. எனக்கு அளவு தெரியாம போச்சு, அவ்ளோதான். பக்கத்து வீட்ல கொடி இருக்குது, வெதை வாங்கித் தர்றேன்."

இரண்டு நாள் அவர் வாந்தியைக் கழுவிய கை இது. அப்போது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு அந்தக் குரலைக் கேட்டதும் வந்தது. நேரே அக்கா வீட்டு மாடிக்குப் போனேன். "எல்லாத்தையும் பிடுங்கிடலாம்கா."

"பூ உட்டுருக்குதே டீச்சர்," என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு கத்தியை எடுத்து வந்தார்.

சொரசொரப்பான தண்டுகள் முழங்கை வரை கீறின. காய்களை நசுக்கி, விதையோடு கோணியில் கட்டி நகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றினோம். அக்கா அந்த உரத்தொட்டியையும் கவிழ்த்துவிட்டார். இப்போது ஒவ்வொரு முறையும் கடை விதைதான் போடுகிறார். பிஞ்சில் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே யாருக்கும் தருகிறார்.

கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நல்ல ரகத்தை அழித்துவிட்டேனாம். நானும் சமாதானத்துக்குப் போகவில்லை. அவர் சாப்பிடும்போது எதிரில் உட்காராமல் சமையலறையிலேயே நின்று சாப்பிட்டுக்கொள்கிறேன்.