ஆறு மணி ஷிப்டும் எட்டு மணி இட்லியும்

நம் மின்னஞ்சல் குழு நண்பர்களுக்கு. சோர்வாக இருப்பதால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இன்று நூற்பாலை விடுதிப் பெண்களுக்கு நான் எடுத்த சத்துணவு வகுப்பு.
2. அங்கே என்னிடம் பதில் இல்லாமல் போன கேள்வி.
3. இனி நான் அங்கே போகப்போவதில்லை.

காலை உணவைத் தவிர்க்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதி, காரணங்களையும் விளக்கினேன். முன்வரிசையிலிருந்து செல்வி எழுந்தாள். பதினெட்டு வயதிருக்கும்.

"ஏனுங்கய்யா, எங்களுக்கு ஷிப்டு ஆறு மணிக்குங்க. மெஸ்ஸுல இட்லி எட்டு மணிக்குத்தானுங்க. நாங்க எதைத் திங்கறதுங்க?"

"ஐயா எழுதுன போர்டைத் தின்னுபோட்டுப் போ அம்மணி" என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

செல்வி சிரிக்கவில்லை. "போன வாரம் மெஷின்கிட்டயே மயங்கி உழுந்துட்டனுங்க. அதான் கேட்டனுங்க."

குறிப்பேட்டைப் புரட்டினேன். அதில் வைட்டமின்கள் இருந்தன, ஆறு மணி ஷிப்டு இல்லை. விடுதி மேலாளரிடம் பேசலாம் என்று அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ பேசும் குரல் கேட்டதும் திரும்பிவிட்டேன்.

இந்த வேலைக்கு நான் தகுதியில்லை என்று பேருந்திலேயே முடிவு செய்தேன்.

ஆனால் சிங்காநல்லூரில் இறங்கியதும் மளிகைக் கடையில் அரைக்கிலோ பச்சைப்பயறு வாங்கியிருக்கிறேன். முளைகட்டிவைத்தால் விடியற்காலையில் அடுப்பில்லாமலே தின்னலாம். மேலாளரிடமும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

பயறு பிடிக்காத பெண்களுக்கு வேறு என்ன கொடுக்கலாம்? தெரிந்தவர்கள் சனிக்கிழமை வகுப்புக்குள் எழுதுங்கள்.

மூன்றாவது குறிப்பு தவறு.