மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு படுக்கையறை

மண்ணை ஆராய உலக அளவில் ஒரு பொறியாளர் சங்கம் இருக்கிறது. பாறைக்கு இன்னொரு சங்கம். மலை எப்படி உருவானது, எந்தப் பக்கம் சரியும் என்று பார்க்கிற நிலவியல்காரர்களுக்கு மூன்றாவது. மூன்றும் பங்காளிகள். பங்காளிகள் என்றால் வரப்புத் தகராறு இல்லாமல் இருக்குமா? மண் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பதுதான் அவர்களுடைய வரப்பு. நடுவில் மக்கிப்போன பாறை என்று ஒன்று இருக்கிறது. பார்த்தால் பாறை, விரலால் நசுக்கினால் மண். அது யாருடையது என்று அவர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் கொடைக்கானல் மலையில் பாதி அதுதான்.

சண்டை தீர ஒரு கூட்டுக்குழு அமைத்தார்கள். அதற்கு நான் செயலாளர். கல்லூரியில் கான்கிரீட் பாடம் நடத்துகிற எனக்கு மண்ணிலும் பங்கில்லை, பாறையிலும் பங்கில்லை. அதனாலேயே மூன்று தரப்பும் என்னை ஒப்புக்கொண்டன. ஒரு கண்டத்தில் விடியும்போது இன்னொரு கண்டத்தில் படுக்கப் போவார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் கணினிமுன் உட்கார வைப்பதற்குள் இங்கே என் குழம்பு அடிப்பிடித்துவிடும். இப்படிப் பல குழம்புகளைக் காவு கொடுத்து ஒரு மரியாதை விதியைக் கொண்டுவந்தோம். இடைப்பட்ட பொருளைப் பற்றி எந்தச் சங்கமும் மற்ற இரண்டையும் கலக்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. சண்டை நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஐப்பசியில் குழுக் கூட்டம் கொடைக்கானலிலேயே நடந்தது. மண் சங்கத்தின் சார்பில் மதுரைப் பேராசிரியர் ஒருவர், பாறைக்கு ஒரு நார்வேக்காரர், நிலவியலுக்கு ஒரு ஜப்பானிய அம்மையார். பகல் முழுக்கப் பூம்பாறைச் சாலையில் சரிவுகளைப் பார்த்தோம். அம்மையார் சரிவை விட்டுவிட்டு, படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மூவரையும் தேநீருக்கு வீட்டுக்கு அழைத்தேன். தேநீர் ஒரு சாக்கு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டித் தடுப்புச்சுவர் கட்டியிருந்தோம். அதை ஒட்டிய அறையை என் கணவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவார். சில நாட்களாகச் சுவர் வயிறு தள்ளி நின்றது. அந்த அறையில் அன்று திண்டுக்கல் பக்கத்துப் புதுமணத் தம்பதி தங்கியிருந்தார்கள். கேள்வி சுவரின் கான்கிரீட்டைப் பற்றியது என்றால் நானே சொல்லியிருப்பேன். அது தாங்கி நிற்கிற மேட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

என் கணவர் அடுக்களையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். “உலகத்துக்கே மலையைப் பாத்துச் சொல்ற ஆளுகள்லாம் நம்ம வீட்டுல வந்து உக்காந்துருக்காக. அந்தப் பிள்ளைகள வேற ரூமுக்கு மாத்தணுமா வேணாமா, வெரசா கேட்டுச் சொல்லு. மழை இறங்கப் போகுது.”

மூவரையும் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனேன். பேராசிரியர் சுவரில் நீர் வடிகிற துளைக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“மண்ணாத்தான் தெரியுதுங்க. ஆனா உள்ள பாறையோட வரி கெடக்கு பாருங்க. பாறைச் சங்கத்தக் கேக்காம நான் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

நார்வேக்காரர் சுவருக்கு மேலே தெரிந்த மேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். “ஒரு காலத்தில் நல்ல பாறை. இப்போது ரொம்ப மக்கிவிட்டது. மண் சங்கத்தின் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.”

அம்மையார் இருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். மலையின் பழைய கதையைத் தான் சொல்லலாம், இன்றைய நிலையை அவர்கள் இருவரும்தான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு மூவரும் சேர்ந்து, இதற்கு ஒரு துணைக்குழு அமைத்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள்.

“என்ன இது,” என்று என் காதைக் கடித்தார் கணவர். “பந்தியில எலையப் போட்டுட்டு நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு நிக்கிற மாதிரில்ல இருக்கு. சோறு ஆறிப்போகும்டி.”

முதல் தூறல் விழுந்தது. அறைக்குள்ளிருந்து அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த மரியாதை இதற்குத்தானா? மண்ணையும் பாறையையும் விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டேன்.

“இன்னைக்கு ராத்திரி நீங்க இந்த ரூம்ல படுப்பீங்களா?”

கேள்வியை ஆங்கிலத்திலும் சொல்லி முடித்தேனோ இல்லையோ, மூன்று பேரிடமிருந்தும் ஒரே மூச்சில் பதில் வந்தது. மாட்டோம். கூட்டுக்குழுவின் வரலாற்றில் யாரும் திருத்தமே கோராமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். சொன்ன பிறகு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்துப் போனார்கள்.

தம்பதியை எங்கள் படுக்கையறைக்கு மாற்றினோம். நாங்கள் கூடத்தில் பாயை விரித்தோம். மாப்பிள்ளைக்கு வருத்தம்தான். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று சொல்லித்தானே வரச்சொன்னீர்கள் என்று முனகினார். இப்போது ஜன்னலைத் திறந்தால் எங்கள் துணிக்கொடி தெரிந்தது.

காலையில் அவர்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்பக்கம் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். சுவர் இல்லை. அறையின் பின்சுவரும் இல்லை. கட்டில்மேல் சேறும் கல்லும் ஏறி நின்றன. தலையணை இருந்த இடத்தில் ஆட்டுக்கல் அளவு ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் கையில் தோசைத் துண்டோடு அப்படியே நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஊருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்த மூவரும் வாசலில் செய்தி கேட்டு நேராகப் பின்னால் வந்தார்கள். யாரும் எதையும் விரலால் எடுத்துப் பார்க்கவில்லை. பேராசிரியருக்கு முகம் வெளுத்திருந்தது.

“நேத்துப் பாத்ததுமே தெரிஞ்சதா சார்?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சதும்மா. வயித்தப் பாத்தாலே தெரியுமே, நிக்காதுன்னு.”

நான் அதை ஆங்கிலத்தில் மற்ற இருவரிடமும் கேட்டேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். மூன்று பேருக்குமே பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருந்தது.

அந்தப் பெண் என் கையை விடாமலே பேராசிரியரைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“அப்ப ஏன் சார் சொல்லல?”

மண் சங்கம் பாறைச் சங்கத்தைப் பார்த்தது. பாறைச் சங்கம் தரையைப் பார்த்தது. அம்மையார் என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்துச் சொல்வேன் என்று. என்னால் முடியவில்லை.