வலப் பக்கத்து அட்டைகள்

பட அஞ்சலட்டை என்பது ஓர் ஊருக்கு வந்தவர்கள் வாங்கி, வராதவர்களுக்கு அனுப்பும் பொருள். பிறந்த ஊரை விட்டு வெளியே போகவே விரும்பாத ஒரு பெண், அதே ஊரின் படங்களை ஆயுள் முழுவதும் ஏன் தேடித் தேடி வாங்க வேண்டும்? கோமதியோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். இருந்தும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதப் போவதும் இல்லை.

அவர் இறந்த செய்தி வந்ததும் அந்த பஸ்ஸில்தான். சிகந்திராபாத்திலிருந்து ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. அன்று திருமுல்கேரி நிறுத்தத்தில் கோமதியைக் காணாமல், டிரைவர் பாஷா இரண்டு முறை ஹார்ன் அடித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலருகே நின்று, "வண்டியை எடுங்க பாய். கோமதி அம்மா காலையிலே தவறிட்டாங்க. ஹார்ட்டு," என்றார். பாஷா வண்டியை எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "உத்ரோ. எல்லாரும் இறங்குங்க. பார்த்துட்டுப் போலாம்." அன்று எங்கள் வண்டியில் வந்த அத்தனை பேருக்கும் வருகைப் பதிவில் 'லேட்' விழுந்தது.

நம் தமிழ்ச் சங்கத்தின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் ரங்கநாதன் கேட்டார். "தலைப்பு நானே யோசிச்சு வச்சிருக்கேன், சாரதா மேடம். 'பழைய ஹைதராபாத்தைக் காதலித்த பெண்மணி'. நீங்க உள்ளே எழுதினா போதும்."

கட்டுரையை எழுதுகிறேன். அந்தத் தலைப்பை ஏற்க முடியாது. கோமதிக்குப் பழைய ஹைதராபாத் மீது காதல் கிடையாது. இருந்திருந்தால் இதைவிட எளிதான மனுஷியாக இருந்திருப்பார்.

சங்கத்துக்குப் புதியவர்களுக்காகச் சில விவரங்கள். நான் தொழிற்சாலையின் நூலகத்தில் இருக்கிறேன். அவர் கொள்முதல் பிரிவில் இருந்தார். வேலைக்காக இங்கே வந்தவள் நான். அவர் குடும்பம் வெள்ளைக்காரர் காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து ரெஜிமெண்டோடு சிகந்திராபாத்துக்கு வந்தது. கோமதி திருமணம் செய்துகொள்ளவில்லை. திருமுல்கேரியில் தம்பி தியாகு வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு தகரப் பெட்டி நிறைய ஆல்பங்கள் இருந்தன. "இந்தப் பொட்டியை வெளியே போட்டா ஒரு கட்டில் போடலாம்," என்று தம்பி மனைவி மல்லிகா என்னிடம் சொல்லாத நாளில்லை. கோமதி காதில் விழும்படிதான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அபிட்ஸ் கடைகள் மூடியிருக்கும்போது நடைபாதை முழுக்கப் பழைய புத்தகங்கள் பரப்பியிருக்கும். நான் புத்தகத்துக்குப் போவேன், அவர் அட்டைக்கு. ஒருமுறை ஒரு வியாபாரி பழைய சார்மினார் அட்டையைத் தூக்கிப் பிடித்து, அந்தக் காலம் மாதிரி வருமா என்று உருகிக்கொண்டிருந்தார். அப்படி உருகினால் விலை ஏறும் என்பது அவர் அனுபவம். "கைக்கு பாய்? எதுக்கு அழறே? சார்மினார் அங்கேயேதான் நிக்குது. போய்ப் பார்த்துட்டு வா. கார்டை இப்படிக் குடு," என்றார் கோமதி. திரும்பும் வழியில் பஸ் நிலையக் கடையில் அதே சார்மினாரின் புது அட்டை ஒன்றை வாங்கினார். அதில் ஆட்டோக்களும் சினிமா தட்டிகளும் மின்கம்பிகளும் இருந்தன.

"இதையுமா வாங்கறீங்க?" என்றேன்.

"ஹவ். இதையும்தான்."

"வானம் சோப்பு நீலத்தில் இருக்கிறதே?"

"அந்தப் பழசுல வானம் ரோஸ் கலர்ல இருக்குது. அதை மட்டும் நம்பிட்டியா?"

நான் வரலாறு படித்தவள். சான்று எது, சாயம் எது என்று பிரிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பழைய அட்டை எங்கோ ஐரோப்பாவில், சார்மினாரைப் பார்த்தே இராத ஒருவர் சாயம் பூசியது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் ஆல்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திறந்தால் இடப் பக்கம் பழைய அட்டை, வலப் பக்கம் அதே இடத்தின் புது அட்டை. வலப் பக்கத்துக்கு அட்டையே கிடைக்காத இடங்களும் உண்டு. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையை யார் அச்சடித்து விற்பார்கள்? ஒரு பழைய அட்டையில் அந்தப் பக்கம் வெறும் பாறையும் முள்காடுமாக இருக்கிறது. கோமதி ஸ்டுடியோக்காரர் ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஷிப்ட் விட்டு கேட்டிலிருந்து வரும் பெண்களைப் படமெடுக்கச் சொல்லி, அதை அஞ்சலட்டை அளவில் கெட்டித் தாளில் அச்சிட்டு, தபால்தலை ஒட்டித் தனக்கே அனுப்பிக்கொண்டார். தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தாராம். "முத்திரை விழுந்தாச்சு. இனிமே இதுவும் ஊர்தான்," என்றார் என்னிடம்.

ஒருமுறை கடுமையாகவே வாதாடினேன். திருமுல்கேரி அணிவகுப்பு மைதானத்தின் பழைய அட்டை ஒன்று அவரிடம் இருந்தது: வரிசையாகக் குதிரைகள், வெள்ளைத் தலைக்கவசங்கள், தூரத்தில் மரங்கள். வலப் பக்கத்தில் புதுக் குடியிருப்பும் ஆட்டோ நிறுத்தமும். எது அழகு என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது என்றேன்.

"பழசு அழகுதான். யாருக்கு?" என்றார். பிறகு அட்டையின் இடது ஓரத்துக்கு வெளியே, ஆல்பத்தின் வெறும் தாளில் விரலை வைத்தார். "இதோ, இங்கே நிக்கறார் எங்க தாத்தா. குதிரைக்குத் தண்ணி காட்டறவர். படம் எடுக்கறப்போ அவங்களை எல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிடுவாங்களாம். அந்த ஆட்டோக்காரனைப் பார், நடுவுலே நிக்கறான். எனக்கு அவன்தான் அழகு."

கோமதியை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. தான் தவறு என்று ஒப்புக்கொள்வது அவருக்கு வராது. 'சிகந்திராபாத் கடைவீதி' என்று அச்சிட்ட பழைய அட்டை ஒன்றைப் பெருமையோடு பஸ்ஸில் காட்டினார். தெரு நடுவே டிராம் தண்டவாளம் ஓடியது. இங்கே டிராமே இருந்ததில்லை. படம் மதராஸாக இருக்க வேண்டும் என்றேன்.

"அச்சுல சிகந்திராபாத்னு போட்டிருக்குது."

"அச்சில் போட்டால் டிராம் ஓடிவிடுமா?"

ஒரு வாரம் என் பக்கத்து இருக்கையில் உட்காரவில்லை. பிறகொரு நாள் ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். டிராம் ஓடிய அட்டையை எடுத்துவிடவில்லை. அதன் வலப் பக்கத்தில் சிகந்திராபாத்தின் நிஜமான கடைவீதி அட்டையைச் செருகியிருந்தார். "பொய்யையும் தனியா விடக் கூடாது," என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை.

உங்களில் பலருக்கு அவர் அனுப்பிய நிழல் அட்டை நினைவிருக்கும். அதன் கதை இதுதான். நகரத்தில் புதிதாக எழும்பிய பல மாடிக் கட்டிடம் ஒன்றின் எதிரே, ஒரு காலை நாங்கள் சிட்டி பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். ஓர் அச்சகத்துக்காகப் படமெடுக்க வந்த புகைப்படக்காரர், "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கங்க. வ்யூ மறைக்குது," என்றார். நாங்கள் எல்லோரும் தள்ளினோம். கோமதி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "நான் மறைக்கலே. நானும் வ்யூதான்."

சில மாதங்களில் அட்டை கடைக்கு வந்தது. கட்டிடம் இருந்தது, தெரு இருந்தது, கோமதி இல்லை. அச்சகத்தில் படத்துக்குப் பூச்சு வேலை செய்தவர் ஆளை அழித்துவிட்டு, நிழலை மறந்துவிட்டார். காலை வெயிலில் குடையோடு நீண்ட ஒரு நிழல் மட்டும் வெறும் தெருவில் கிடந்தது. கோமதி சிரித்த சிரிப்பில் கடைக்காரர் பயந்துபோனார். இருந்த அட்டைகளை எல்லாம் வாங்கி, தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பினார். அச்சகத்துக்கும் ஒன்று போனது: 'உங்கள் அட்டையில் என் நிழலைப் பார்த்தேன். ஆளைக் காணவில்லை. கிடைத்தால் தெரிவிக்கவும்.' பதில் வரவில்லை. ஆனால் அடுத்த அச்சில் நிழலையும் அழித்திருந்தார்கள். "இப்பத்தான் வேலையை ஒழுங்கா முடிச்சிருக்கான்," என்று சொல்லி இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தார்.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். வந்திருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோமதியின் பழைய அட்டைகளை மட்டும் எடுத்து, பிரேம் போட்டு, சங்கக் கூடத்தில் அவர் பெயரோடு மாட்டலாம் என்று ரங்கநாதன் அறிவித்தார். கைதட்டினீர்கள். தியாகு கண்களைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அக்காவுக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்குப் பெரிதாக இருந்தது.

"புதுசெல்லாம் பஸ் ஸ்டாண்டு கார்டு. அதை வச்சு என்ன பண்றது? தியாகு பிள்ளைங்க விளையாடட்டும்," என்றார் ரங்கநாதன்.

நான் சங்கத்தில் எழுந்து பேசியவள் இல்லை. அன்று எழுந்தேன். "மாட்டினால் ஜோடியாக மாட்டுங்கள். பாதியை மட்டும் மாட்டி அதன் கீழே கோமதி பெயரைப் போடக் கூடாது. அது அவர் சேர்த்தது இல்லை. அவர் ஆயுள் முழுக்க எதிர்த்தது."

"இடம் வேணாமா மேடம்? பார்க்கறவங்களுக்கு அழகா இருக்க வேணாமா?"

"யாருக்கு?" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் உறவா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். "சரி, சரி. தியாகு, நாளைக்குப் பத்து மணிக்கு பிரேம்காரரோட வர்றேன்," என்று ரங்கநாதன் கூட்டத்தை முடித்தார். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தோம். அந்தக் கூட்டத்தில் தோற்றவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

கோமதியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஓர் அட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது ஒரு கெட்ட பழக்கம்: எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதன் ஓரத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தேடுவது. நம் ஆண்டு விழாக் குழுப்படம் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதில் அன்று முந்நூறு பேருக்குக் கேசரி கிண்டிய பெண்களில் ஒருவரும் இல்லை. போய்ப் பாருங்கள். இந்தப் பழக்கத்தை விடுவதாக இல்லை.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, இன்னொரு முறை தியாகுவிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். கூடத்தில் மைதா பசை வாடை அடித்தது. தரை முழுக்க ஆல்பத் தாள்கள். நடுவில் மல்லிகா இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன செய்யறீங்க மல்லிகா?"

"ஒட்டினேன். இப்போ காய வைக்கறேன்."

பழைய அட்டையையும் புது அட்டையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு ஜோடியையும். சேகரிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கோமதி அட்டையின் நான்கு மூலைகளைக் காகித உறைகளில் செருகித்தான் வைப்பார். பின்பக்கத்துத் தபால்தலை, முத்திரை, யாரோ யாருக்கோ எழுதிய நலம் விசாரிப்பு எல்லாம் இனி யார் கண்ணிலும் படாது.

"அக்கா இருந்தா என்னை வெட்டிப் போட்டிருக்கும். தெரியும்," என்றார் மல்லிகா. "நேத்து நீங்க பேசினீங்க. பேசினா கேக்கற ஆளா அந்த செக்ரட்டரி? இத்தனை வருஷமா இந்தப் பொட்டியைத் தூசி தட்டினது நான். பாதியை அவர் எடுத்துக்குவாராம், பாதியை என் பிள்ளைங்களுக்கு விளையாடக் குடுப்பாராம். நக்கோ, வேணாம். ஒண்ணா இருக்கட்டும், இல்லே ஒண்ணா போகட்டும்."

பத்து மணிக்கு ரங்கநாதன் வந்தார். கூடவே பஜாரில் பிரேம் கடை வைத்திருக்கும் யூசுப். "ஐயோ, என்னம்மா இது!" என்று ரங்கநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். தியாகு மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரங்கநாதனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். யூசுப் குந்தி உட்கார்ந்து, அணிவகுப்பு மைதான அட்டையின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"நை நிக்ல்தா சாப், வராது," என்றார். "பிரிச்சா ரெண்டும் கிழியும். முழு பேப்பராதான் பிரேம் போடணும்."

அவர் டேப்பை எடுத்து, குதிரை வரிசையின் இடது ஓரத்திலிருந்து ஆட்டோ நிறுத்தத்தின் வலது ஓரம் வரை அளந்து, அகலத்தைச் சொன்னார். ரங்கநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த அளவைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.