மங்காஃபில் பிரிந்த மாவட்டம்

குவைத்தின் மங்காஃப் பகுதியில் எங்கள் மாவட்டச் சங்கத்து ஆட்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரில் எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து அரசாங்கம் உத்தரவு போட்டது. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் வேறு பஸ் ஏறினார்கள், அவ்வளவுதான். குவைத்தில் இவர்கள் சங்கத்தையும் இரண்டாக வெட்டினார்கள். பிரியாணி அண்டாக்களைப் பங்கு போட ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க வாய்ச்சண்டை. ஊரில் வார்டு மெம்பராகக்கூட வந்திருக்க முடியாத இரண்டு பேர் தலைவர்களானார்கள்.

எங்கள் ஊரில்தான் சிக்கல். அது எல்லைக் கிராமம். என் சின்ன வயதிலேயே ஒரு தாலுகாவிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் சேர்த்திருந்தார்கள். இப்போது அந்தத் தாலுகா புது மாவட்டத்துக்குப் போனது. ஊராட்சி ஒன்றியம் பழையதிலேயே நின்றது.

அந்தச் சமயத்தில், என் ரூமில் இருந்த எங்கள் ஊர்க்காரனின் அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்று அவன் தவித்தான். கம்பெனி லீவு தரவில்லை. பாஸ்போர்ட்டும் மேனேஜர் கையில். அவரிடம் அரபியில் பேசிக் காரியம் சாதிக்கத் தெரிந்தவர்கள் அந்த இரண்டு தலைவர்கள்தான். முன்பு எத்தனையோ பேரை அப்படி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பழைய மாவட்டத் தலைவரின் கடையில் போய் நின்றோம்.

"நீங்க இப்ப அந்த மாவட்டம்ல தம்பி. நாங்க தலையிட்டா அவங்க சண்டைக்கு வருவாங்க."

புது மாவட்டத் தலைவர் போனிலேயே முடித்துவிட்டார். "உங்க ஒன்றியம் எங்கள்ட்ட வரலயே பாய். அவர்ட்டயே கேளுங்க. கலாஸ், அவ்ளோதான்."

திரும்பவும் கடைக்குப் போய்க் கத்தினேன். வெள்ளிக்கிழமை கமிட்டியில் வைத்துப் பேசுகிறேன் என்றார் அந்த மனிதர். வியாழக்கிழமை அம்மா போய்விட்டார். அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான்.

மறுநாள் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் அஞ்சலிப் போஸ்டர். இரண்டிலும் 'நம் மாவட்டத்தைச் சேர்ந்த' என்றுதான் ஆரம்பம். மாலையில் தலைவர்கள் இருவரும் ஆட்களோடு துக்கம் விசாரிக்க வந்தார்கள். யார் முதலில் உள்ளே போவது என்று மாடிப்படியிலேயே முறைத்துக்கொண்டு நின்றார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். எனக்குக் கை பரபரத்தது. அவன்தான் எழுந்து வந்து வாசலை மறித்து நின்றான்.

"எங்கம்மாவ எந்த மாவட்டத்துல அடக்குனாங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அந்த ஆளு மட்டும் உள்ள வரலாம்."

தலை குனிந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கீழ்ப்படிக்குப் போவதற்குள், ஒன்றியமா தாலுகாவா என்று ஆரம்பித்துவிட்டார்கள்.