சிரில் குறைக்காத ஒரு நூல்

நீளமான மூங்கில் கழியை இடமும் வலமுமாக வீசி, புல்மேல் நிற்கும் பனியைத் தட்டிக்கொண்டே நடப்பார் திடலைப் பராமரிக்கும் சிரில் டக்வொர்த். புல்லில் பந்தை உருட்டி ஆடும் பௌல்ஸ் திடலில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். லங்காஷயரில் ஈரத்துக்கா பஞ்சம்! காலை டீகூட இதற்குப் பிறகுதான்.

தட்டி முடித்ததும் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து மட்டம் பார்ப்பார். அப்படியே இலைகளை நீவுவார். ஊசியாக மெலிந்திருந்தால் ஃபெஸ்க்யூ, அவருடைய செல்லம். இலையின் பின்புறம் பளபளத்து அடித்தண்டு சிவந்திருந்தால் ரைப்புல். "கால்பந்து மைதானத்துல மிதிச்ச செருப்போட வர்றானுங்க பாரு, அவனுங்க கொண்டாந்து விட்டது!" என்று கத்தியால் வேரோடு நெம்பிவிடுவார். தண்ணீர், உரம் எல்லாம் கையை இறுக்கித்தான். "தின்னு கொழுத்த புல்லு சீக்குல விழும். பசியில கிடந்தாத்தான் வேர் கீழ போவும்."

அவரோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் அணித்தலைவர் நார்மன். "பந்து ஓடமாட்டேங்குதுய்யா. இன்னும் ஒரு நூல் ஒட்ட வெட்டேன், உன் சொத்தா போவுது?"

"ஒட்ட வெட்டுனா செத்துப்போவும். வேணும்னா உன் மண்டையில வெட்டிக்க!"

வருஷக்கணக்கில் இதே பேச்சு. போன குளிர்காலத்தில் நார்மன் இறந்தார். அந்த நூல் மட்டும் குறையவே இல்லை.

அன்று வியாழக்கிழமை. திடலின் நடுமேட்டில் கழி நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல் வெந்து நரைத்துக் கிடந்தது. போட்டி நடத்தும் லீக் ஆட்கள் இன்று காலையிலேயே திடலைப் பார்க்க வருகிறார்கள். பூஞ்சணம் என்று சந்தேகப்பட்டாலே போதும், சனிக்கிழமை இங்கே நடக்கவேண்டிய இறுதிப் போட்டி பக்கத்து ஊருக்குப் போய்விடும். மண்டியிட்டுப் பார்த்தார். பஞ்சுபோன்ற வெள்ளை இழை எதுவும் இல்லை. விரலால் தேய்த்தார்; நறநறவென்றது. அஸ்தி!

பெஞ்சில் நார்மனின் மனைவி மேவிஸ், மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா மேவிஸ், அஸ்திக்குன்னுதானே ரோஜாப் பாத்தியில இடம் விட்டிருக்கு! இப்படி என் குடியைக் கெடுத்துட்டியே!"

"அவருக்கு ரோஜான்னாலே தும்மல் சிரில். நடுமேட்டுலதான் போடணும்னு சொல்லிட்டுப் போனாரு. ஞாயித்துக்கிழமை கொஞ்சந்தான் கொட்டி, வெளிய தெரியாம புல்லுக்குள்ள தேய்ச்சுவிட்டேன். மிச்சத்தையும் போடலாம்னு வந்தேன்." மேவிஸ் பையின் வாயை முறுக்கினார். "புல்லைக் கொன்னுட்டேனா?"

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தார் சிரில். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது. "செத்தும் என் புல்லை விடலை பாரு அந்த ஆளு!"

கொட்டகைக்குப் பின்னால் தனியே வளர்க்கும் பாத்தியிலிருந்து ஃபெஸ்க்யூவை மண்ணோடு வட்டமாகப் பெயர்த்து வந்தார். வெந்த இடத்தை வெட்டி எடுத்து, முழங்கை ஆழம் தோண்டினார்.

"பையைக் கொண்டா. மேல போட்டா வேர் வெந்துரும். அடியில கிடக்கட்டும்."

மேவிஸ் மிச்சம் முழுவதையும் கொட்டினார். மேலே மண், அதன்மேல் மணல், அதன்மேல் புதுப் புல். சிரில் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சேர்த்தார். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க! எந்திரி சிரில்!"

சிரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். மட்டம் கச்சிதமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்து, அந்த வட்டத்தை மட்டும் ஒரு நூல் ஒட்ட வெட்டத் தொடங்கினார்.